நெய் பட்ட சக்கரம்

விடியலில் என் வீட்டைக் கடந்து திருப்பதிச் சாலையை நோக்கிப் பந்தய மிதிவண்டிகள் போகின்றன. வார இறுதிகளில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தன்போக்கில் ஓடவிடும்போது அதன் நடுவிலிருந்து ஓர் ஒலி எழும். தொழிலில் அதை ஃப்ரீவீல் சத்தம் என்போம். எனக்கு அது பூவுக்குள் புகுந்த வண்டின் முரலலாகவே கேட்கிறது. மலைமேல் முருகன் கோயிலில் முதல் மணி ஒலிக்க, கீழே வண்டுகள் போய்க்கொண்டிருக்கும். பாதி உறக்கத்தில் எது எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிய முடிவதில்லை. பிரித்தறிய நான் முயல்வதும் இல்லை.

நான் வேலை பார்த்த பணிமனையின் இளைஞர்கள் அண்மையில் கைப்பேசியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். இப்போது கியர் மாற்றக் கம்பியே வேண்டாம். பொத்தானைத் தொட்டால் மின்விசை மாற்றிவிடுகிறது. ஓட்டுபவரின் உடலில் காற்று எங்கே முட்டுகிறது என்பதைக் கணினி வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. இத்தனை வந்த பிறகும் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது ஒன்றுதானாம்: வேகமாகப் போக வேண்டுமென்றால் முதலில் எதை மாற்ற வேண்டும்? "நீங்க இருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க சாமி?" என்று முடித்திருந்தார்கள்.

சாமி என்பது என் பெயரன்று. நெற்றி நிறைய நீறும், ரிம்மைச் சுழற்றும்போது உதட்டில் ஏதாவதொரு பதிகமுமாக இருந்தவனுக்கு எங்கள் மேஸ்திரி வைத்த பெயர். ஒரு வரியில் பதில் எழுதலாமென்று உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி வருவதற்குள் வேறு பலவும் வந்துவிட்டன.

என் தொடக்க ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருத்தணிக் கடைவீதியில் வாடகை மிதிவண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். பின்னர் சென்னையில் பந்தய வண்டிகளுக்கென்றே ஒரு பணிமனை திறந்தபோது, காலை மின்சார ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பும் வாழ்க்கை தொடங்கிற்று. போகும்போது வாய்க்குள் துதிப்பாடல். வரும்போது கையில் கிரீஸ் வாசனை. ஓய்வு பெறும் வரை இவ்விரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

மேஸ்திரி முனிரத்தினம் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபத்தில் மௌனம். பணிமனையில் அவர் வகுத்த விதி ஒன்றே: ஒரு வேளைக்கு ஒரு மாற்றம். டயரை மாற்றினால் டயரை மட்டும். சீட்டை உயர்த்தினால் சீட்டை மட்டும். மாற்றிய பிறகு வண்டிக்காரர் ஓட்டிவிட்டு வர வேண்டும். அவர் ஓட்டிவரும் வரை மேஸ்திரி கைகளைத் துடைத்துக்கொண்டு, கண்களை மூடியபடி முக்காலியில் அமர்ந்திருப்பார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "செயின்ல மண் ஏறிக்கினு இருக்குது" என்பார், கண்ணைத் திறக்காமல்.

"ரெண்டை ஒண்ணா மாத்தினா, நல்லது எதனால வந்துச்சு, கெட்டது எதனால வந்துச்சுன்னு யாரைக் கேப்ப?" என்று அவர் கேட்டது, ஒரே நாளில் சக்கரமும் கியரும் ஹேண்டில் பாரும் மாற்றிக் கேட்ட ஒரு மருத்துவரிடம். நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் பந்தயத்துக்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டு, "நான் நோயாளிக்குச் சொல்றதை நீங்க எனக்குச் சொல்றீங்க" என்று ஒப்புக்கொண்டார்.

அந்த மருத்துவருக்கு முதலில் மாற்றியது டயர். மெல்லிய டயரில் காற்றைக் கல் போல அடைத்தால்தான் வேகம் என்று எல்லோரும் நம்பிய காலம். மேஸ்திரி சற்று அகன்ற டயரைப் பூட்டி, காற்றையும் குறைத்தார். கரடுமுரடான சாலையில் கல் டயர் குதிக்கும். குதிக்கிற ஒவ்வொரு முறையும் மிதித்த பலம் வீணாகும். மென்மையான டயரோ கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். அடுத்து செயினை எண்ணெய்ப் பிசுக்குப் போக அலசி, உருக்கிய மெழுகில் முக்கி, உலரத் தொங்கவிட்டோம். மெழுகிட்ட செயின் ஓடும்போது ஓசையே இருப்பதில்லை. நனவிலிருந்து கனவுக்குள் நழுவுவது போல ஒரு பல்லிலிருந்து மறுபல்லுக்கு நழுவும்.

கடைசியாகத்தான் முன்கைகளைத் தாங்கும் நீட்டுக் கம்பிகளைப் பூட்டினோம். அதில் முழங்கைகளை ஊன்றி, உள்ளங்கைகளைச் சேர்த்து, தலையைத் தாழ்த்தி மருத்துவர் அமர்ந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சந்நிதியில் நிற்பவனின் கோலம் அது. நிமிர்ந்து நிற்பவனோடு மல்லுக்கு நிற்கும் காற்று, வணங்கியவனை வருடிவிட்டுப் போய்விடுகிறது. நான் ஏதோ முணுமுணுத்திருக்க வேண்டும்.

"சாமி, பாட்டை அப்புறம் பாடு. அவர் இடுப்பு நோவுதான்னு கேளு" என்றார் மேஸ்திரி.

இளைஞர்களின் கேள்வி என் முன் வந்தபோது நினைவில் எழுந்தது அந்த மருத்துவர் அல்லர், சுகந்தி.

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் தேசம்மாளின் மகள். ஏற்றத்தில் அவளுக்கு நிகராக மிதிக்க மாநிலத்தில் ஒருத்தியும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மலையேறும்போது அவள் மூச்சு வாங்கியதை நான் பார்த்ததில்லை. ஆனால் இறங்கும்போது தோற்றுப்போவாள். நான் சொல்லவரும் பந்தயத்துக்கு முந்தைய ஆண்டு, ஒரு மழை நாளில் இறக்கத்தில் பிரேக் பிடித்திருக்கிறாள். ரிம்மைக் கவ்வுகிற பழைய வகை பிரேக், ஈரத்தில் வழுக்கிவிட்டது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அதன் பிறகு எந்தப் பந்தயத்திலும் உச்சிக்கு முதலில் வருவாள்; அடிவாரத்துக்குக் கூட்டத்தின் வாலில் வருவாள். வளைவு தெரிவதற்கு முன்பே அவள் விரல்கள் பிரேக்கை இறுக்கிக்கொள்ளும்.

மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம் வந்தது. இளையோர் பிரிவில் அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. பந்தயப் பாதையில் எங்கள் திருத்தணி மலைச்சாலையும் இருந்தது: ஏற வேண்டும், இறங்க வேண்டும், பிறகு சமவெளியில் ஓடி முடிக்க வேண்டும்.

பணிமனையில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். எடை குறைந்த சக்கரம், சிறிய கியர், கார்பன் சீட் என்று. மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏறத்துக்கு அவளுக்கு நாம ஒண்ணும் தர வேணாம். நிக்கறதுக்குக் குடுப்போம்" என்றார். ஒரு மிதிவண்டிச் சங்கம் இரவலாகத் தந்த பிரேமில் டிஸ்க் பிரேக் பூட்டினார். சக்கரத்தின் நடுவே மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று சுழலும். இரண்டு சிறிய பேடுகள் அதைக் கவ்வி நிறுத்தும். மழையில் வழுக்காது, விரல் நுனி பட்டாலே போதும்.

வேகத்துக்கு வழி கேட்டால் நிறுத்தத்துக்கு வழி செய்கிறாரே என்று முதலில் வியந்தேன். அன்று மாலை ரயிலில் வரும்போதுதான் எனக்குப் புலப்பட்டது. வேலேந்தியவனின் இன்னொரு கை அஞ்சாதே என்று உயர்ந்திருக்கிறது. அந்தக் கை இருக்கிறது என்று அறிந்தவனே துணிந்து ஓடுகிறான். சூரனோடு பொருத சினமெல்லாம் ஆறி அவன் வந்து அமர்ந்த குன்று இது. ஆகவேதான் மற்ற படைவீடுகளில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. வேகத்தின் முடிவில் ஓர் அமைதி இருக்கிறதென்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு மாதங்கள் சுகந்தி அந்த வண்டியை ஓட்டினாள். முதலில் பிரேக்கை நம்பவில்லை. பிறகு மெல்ல மெல்ல அவள் விரல்கள் தளர்ந்தன. வளைவுக்கு வெகு முன்பே பிடித்தவள், வளைவின் வாயில் பிடிக்கத் தொடங்கினாள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள். மேஸ்திரி தம் சொந்த வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கு வந்திருந்தார். எங்கே போனாலும் அது கூட வரும். நாங்கள் இருவரும் மலையடிவாரத்தில் புளியமர நிழலில் கருவிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தோம். சுகந்தியும் தேசம்மாளும் அதற்கு முன்பே மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, வண்டிக்கும் பூஜை போட்டு, அதைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருந்தார்கள். ஹேண்டில் பாரில் மாலை கிடந்தது. மேஸ்திரி அதைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, "ஒரு தடவை ஏறி இறங்கு, போதும்" என்று அவளை அனுப்பினார்.

ஏறிய வேகம் எப்போதும்போல. பிறகு மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. மனிதக் குரலன்று. எஃகு அலறிய அலறல். மேஸ்திரி கண்களைத் திறந்தார்.

சுகந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முழங்காலில் மண். கீழ் வளைவில் பிரேக் பிடித்திருக்கிறாள். கத்தியதே தவிர நிற்கவில்லை. ஓரத்து மணலில் வண்டியைச் செலுத்திக் காலை ஊன்றி நின்றிருக்கிறாள்.

"நாளைக்கு நான் வரல நைனா" என்றாள். தந்தையை இழந்தவள், மேஸ்திரியை அப்படித்தான் அழைப்பாள். "இதுவும் நிக்கல."

மேஸ்திரி வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினார். பேடுகளை வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"சாமி, இதை மோந்து பாரு."

முகர்ந்தேன். தீய்ந்த வாசனைக்கு அடியில் எனக்கு நன்கு பழகிய இன்னொரு வாசனை.

"நெய்" என்றேன்.

"ஆங். வெண்பொங்கல் வாசனை வருது."

தேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயுத பூஜையன்று தறியின் இரும்புக்குப் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். வெறும் குங்குமம் இரும்பில் நிற்காது, உதிர்ந்துவிடும். ஆகவே நெய்யில் குழைத்து வைப்பார்கள். அன்று மலைமேல், வண்டியிலேயே அழகாக மின்னுவது எதுவென்று பார்த்திருக்கிறாள். எஃகுத் தட்டுகள் சின்னஞ்சிறு சக்கராயுதம் போல மின்னியிருக்கின்றன. விளக்கேற்றிய நெய்யில் குங்குமத்தைக் குழைத்து, இரண்டு தட்டுகளிலும் சுற்றிவரப் பொட்டு வைத்துவிட்டாள். பந்தயத்துக்கு வரும் மற்ற பெண்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று சுகந்தி இறங்குவதற்கு முன் துணியால் துடைத்திருக்கிறாள். சிவப்பு போயிற்று. நெய் போகவில்லை. பேடு அதைக் குடித்துவிட்டது.

"நல்லா ஓடட்டும்னுதான் வெச்சேன்" என்றாள் தேசம்மாள்.

மேஸ்திரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா ஓடத்தாம்மா ஓடுச்சு. நிக்கத்தான் இல்ல" என்றார்.

தேசம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தன.

நெய் குடித்த பேடைத் தேய்த்தும் சுட்டும் சரிசெய்வோர் உண்டு. "நம்பிக்கைக்கு ஒட்டுப் போட முடியாது" என்று மேஸ்திரி அவற்றைத் தூரப் போட்டார். அந்த அளவுப் பேடு திருத்தணியில் கிடைக்காது. எங்கள் பணிமனைக்கும் அன்று விடுமுறை. அவர் எழுந்து போய்த் தம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். அதிலும் அதே வகை பிரேக். பேடுகளை எடுத்தார், அத்தோடு தட்டுகளையும் கழற்றினார்.

"தட்டு எதுக்கு மேஸ்திரி? அவளுதைத் துடைச்சாப் போதாதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேந்து தேஞ்சி ஒண்ணுக்கு ஒண்ணு பழகிப்போச்சு. நாளைக்குப் பந்தயத்தை வெச்சிக்கினு இன்னைக்கு ஜோடியைப் பிரிக்கலாமா?"

தட்டுகளைச் சுகந்தியின் சக்கரங்களில் பூட்டினோம். சுத்தமான துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரே திசையில் துடைத்தார். துடைத்த பக்கத்தை மீண்டும் தொடவிடாமல் துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தால் துடைத்தார். அதன் பிறகு தட்டின் மேல் யாருடைய விரலும் படவில்லை. திருமேனியைத் தீண்டும் குருக்களிடம்கூட அத்தனை ஆசாரத்தை நான் கண்டதில்லை. தட்டு பேடோடு உரசாமல் சுழல்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். ஓசை இல்லை.

வண்டி தயாராகிவிட்டது. சுகந்தி ஏறவில்லை.

"சரி ஆயிடுச்சின்னு நீங்க சொல்றீங்க. என் கை கேக்க மாட்டேங்குது" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். நின்றிருந்த வண்டியிலேயே அவள் விரல்கள் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் சிறுகச் சிறுகக் கட்டியது ஒரு வளைவில் சரிந்துபோயிற்று. இனி மாற்றுவதற்கு எங்கள் பெட்டியில் எந்தச் சாமானும் இல்லை.

மேஸ்திரி கருவிப் பெட்டியின் மேல் அமர்ந்தார், கண்களை மூடவில்லை. மலைச்சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "உச்சிலேருந்து வர வேணாம். முதல் வளைவு வரைக்கும் தள்ளிக்கினு போ. அங்கேருந்து மெதுவா வா. நிக்க வேண்டிய எடத்துல ஒரு கல்லு வெக்கறேன்."

"கல்லு எதுக்கு? நான் நிக்கறேன்" என்றாள் தேசம்மாள்.

"சும்மா இரும்மா. மோதினா இன்னா ஆவறது?"

"அவ மோத மாட்டா." தேசம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நூலு அறுந்தா எங்க தறி தானா நிக்கும் மேஸ்திரி. நிக்கலன்னா துணி போச்சி. இதைக் கெடுத்தவ நானு. இது நிக்குமா நிக்காதான்னு நான்தான் பாக்கணும்."

அவள் சாலையின் நடுவில் போய் நின்றாள். சுகந்தி, "ஒத்திப் போம்மா" என்று கத்தினாள். தேசம்மாள் அசையவில்லை.

மாலை வெயில் மலைச்சாலையில் மஞ்சளாகப் படிந்திருந்தது. பக்தர்களை ஏற்றி வந்த ஒரு வேனை மேஸ்திரி கையைக் காட்டி ஓரமாக நிறுத்திவைத்தார். மேலே கோயில் மேளம் தொடங்கியிருந்தது. நான் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தேனா என்று நினைவில்லை. முதல் வளைவிலிருந்து சுகந்தி உருண்டு வந்தாள். தாயைக் கண்ட வெகு தொலைவிலேயே நின்றுவிட்டாள். ஊர்ந்து வந்தது போலத்தான் வந்தாள். இருந்தாலும் பிரேக் கத்தவில்லை.

"இன்னும் கிட்ட வா" என்றாள் தேசம்மாள்.

அடுத்த முறை சற்று மேலிருந்து. அதற்கடுத்தது இன்னும் மேலிருந்து. ஒவ்வொரு முறையும் நின்ற இடம் தாய்க்கு அருகே, அருகே என்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தேசம்மாள் சொன்னது அதே சொல். இறுதியில் சுகந்தி உச்சிவரை மிதித்துப் போனாள். மேளம் நின்றிருந்தது. மேலிருந்து வண்டின் முரலல் வந்தது. வளைவுகளில் மறைந்தும் தெளிந்தும் நெருங்கியது. கடைசி வளைவில் அவள் வெளிப்பட்டபோது, பழுப்பு வெளிச்சத்தில் அவளும் வண்டியும் ஒரே உருவமாக மிதந்து வந்ததாக என் கண்ணுக்குப் பட்டது. மேஸ்திரி ஓரடி முன்னே வைத்துவிட்டார். தேசம்மாள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. முன் சக்கரம் அவள் புடவைக் கொசுவத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

தேசம்மாள் குனிந்து தட்டைப் பார்த்தாள். தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். "சூடு அடிக்குது" என்றாள்.

"அடிக்கணும்மா. அதான் வேலை செஞ்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் பந்தயத்தில் நாங்கள் மூவரும் அதே இடத்தில், கயிற்றுக்கு வெளியே நின்றோம். சுகந்தி உச்சியை முதலாவதாகத் தொட்டாள் என்று ஒலிபெருக்கி சொல்லிற்று. அதில் எங்களுக்கு வியப்பில்லை. உச்சி வரை அவள் எப்போதும் முதல்வியே. நாங்கள் காத்திருந்தது அதற்குப் பிறகு வரவேண்டியதற்காக. வளைவில் முதலில் யார் வெளிப்படுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தேசம்மாளின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

முரலல் கேட்டது. மேஸ்திரி கண்களை மூடிக்கொண்டு, "அவதான்" என்றார்.

வளைவின் வாயில் ஒரு கணம், விரல் நுனியால் பிரேக்கைத் தொட்டு விடுவித்தாள், அவ்வளவே. உடல் சாய்ந்தது, நிமிர்ந்தது. முந்தைய நாள் தேசம்மாள் நின்ற இடத்தை அம்பு போலக் கடந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே சமவெளிக்குள் போய்விட்டாள். அவள் கிளப்பிய காற்று எங்கள் முகத்தில் பட்ட பிறகே அடுத்த வண்டிகள் வளைவில் தெரிந்தன.

இறுதிச் சமவெளியில் இருவர் அவளைப் பிடித்து முந்தினார்கள். மூன்றாவதாக முடித்தாள். அணிக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று முதல் எங்கள் பணிமனையில் பூஜைக்குப் போகும் ஒவ்வொரு வண்டியின் தட்டுகளுக்கும் ஒரு வெள்ளைத் துணி உறை மாட்டினோம். அலங்காரம் நடக்கும்போது சந்நிதியில் திரை போடுவதில்லையா, அதுபோல. பொட்டு வைக்கும் இடம் ஹேண்டில் பாருக்குக் கீழே பிரேமின் நெற்றி என்று வழக்கம் ஏற்பட்டது. அந்த உறைகளைத் தைத்துத் தந்தவள் தேசம்மாள். இளைஞர்களே, பெட்டியின் அடித்தட்டில் கிடக்கும் அந்தத் துணிகள் எதற்கென்று முன்பொருமுறை கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதற்குத்தான்.

முதலில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கும் என் பதிலை எழுதிவிடுகிறேன். வண்டிக்காரர் எங்கே அஞ்சுகிறார் என்று பாருங்கள்; அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்று பந்தயக் கூட்டம் கலைந்த பின்னும் தேசம்மாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மகள் போன திசையைப் பார்த்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏதோ குறை தெரிவது போலிருந்தது. இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று எண்ணிக்கொண்டு அருகே போனேன்.

"பாத்தீங்களா சாமி?" என்றாள். "நேத்து என்னைப் பாத்து நின்னா. இன்னிக்கு நான் நிக்கறது கூடத் தெரியல அவளுக்கு."

சொல்லிவிட்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.